வெண்பன்றிக்குப் பெயருண்டு, கரும்பன்றிக்கு?

பன்றி இனங்களைப் பற்றிய நம் கால்நடைப் பாடநூல்களில் ஓர் ஒப்பீடு தவறாமல் இடம்பெறும். ஒருபுறம் 'பெரிய வெள்ளை யார்க்‌ஷயர்': நீண்ட உடல், நிமிர்ந்த காது, சற்றே உட்குழிந்த முகம், வெண்மயிர், ஓர் ஈற்றுக்குப் பத்துக் குட்டிகள் வரை, எட்டு மாதத்தில் ஏறத்தாழ 70 முதல் 80 கிலோ எடை. மறுபுறம் 'நாட்டுப் பன்றி': கருநிறம், சிற்றுடல், நீண்ட மூக்கு, குறைந்த ஈற்று, மெதுவான வளர்ச்சி. முன்னதற்குப் பண்புகள் சொல்லப்படுகின்றன; பின்னதற்குக் குறைகள். இந்த ஒப்பீட்டை வரலாற்று ஆவணமாகவும் படிக்க வேண்டியிருக்கிறது.

யார்க்‌ஷயர் பன்றி அரண்மனைப் பண்ணையில் உருவானதன்று. இங்கிலாந்தின் ஆலை நகரமான கீத்லியைச் சேர்ந்த ஜோசப் டூலி என்ற நெசவாளி, 1851ஆம் ஆண்டு வின்ட்ஸர் கண்காட்சிக்குக் கொண்டுவந்த பன்றிகளே அவ்வினத்தைப் புகழ்பெறச் செய்தன. 1868இல் அது தனி இனமாக ஏற்கப்பட்டது. 1884இல் வம்சாவளிப் பதிவேடு வந்தது. அக்காலத்து ஆங்கிலப் பன்றிகளில் சீனத்திலிருந்து வந்த பன்றிகளின் குருதியும் கலந்திருந்தது. ஆகவே 'தூய இனம்' எனப்படுவது தொழிலாளர் கொல்லையில் உருப்பெற்ற ஒரு கலப்பு. அதற்குத் தூய்மையைத் தந்தது பதிவேடு.

இந்தப் பின்புலத்தோடு கோலார் தங்கவயலுக்கு வருவோம். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே கால்பதித்தனர். வட ஆர்க்காடு, சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து பெருந்திரளாக வந்த ஆதிதிராவிடத் தமிழர் மூங்கில் தட்டி வீடுகளில் குடியேறினர். ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை ஆகியவை அவ்வுழைப்பை நம்பி வளர்ந்த பேட்டைகள். அங்கே பன்றியிறைச்சிக்கு இரு தகுதிகள் இருந்தன. ஐரோப்பியர் மேசையில் அது நாகரிகத்தின் உணவு. கோவா வழியே வந்த போர்த்துகீசிய விந்தாலு ஆங்கிலோ-இந்தியர் வீட்டில் பண்டிகைச் சமையல். அதே இறைச்சி சுரங்கத் தொழிலாளியின் அடுப்பில் வெந்தபோது மட்டும் சாதி இழிவைச் சுமத்தும் காரணமாயிற்று. இறைச்சி மாறவில்லை; உண்பவர் மாறினார்.

இந்த ஏற்றத்தாழ்வே விலங்கின் மதிப்பீட்டிலும் படிந்தது. யார்க்‌ஷயரின் சிறப்பாகக் கூறப்படும் நீண்ட முதுகும் மெல்லிய கொழுப்பும் 'பேக்கன்' சந்தையின் தேவைகள். நாட்டுப் பன்றியின் வெப்பம் தாங்கும் திறன், நோயெதிர்ப்பு, கழிவுத் தீவனத்தில் உயிர்வாழும் ஆற்றல் ஆகியவை தராசில் ஏறுவதில்லை. கறியோடு நெய்யும், தூரிகைக்குரிய மயிரும், எருவும் தந்த விலங்கு அது. கையில் முதலில்லாதவருக்கு அவசரச் செலவுக்கான சேமிப்பும் அதுவே. மேய்ச்சல் பன்றிகளால் நாடாப்புழு பரவும் என்ற எச்சரிக்கை உண்மையானது. ஆனால் அது வளர்ப்பு முறையைப் பற்றியது, இனத்தைப் பற்றியதன்று.

காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கேபிஎம் கோல்டு' பன்றியில் முக்கால் பங்கு யார்க்‌ஷயர், கால் பங்கு நாட்டுப் பன்றி. வேகமாக வளரும் வெண்பன்றி இம்மண்ணின் வெயிலில் நிலைக்க, குறைகளின் தொகுப்பாகக் காட்டப்பட்ட விலங்கின் கால் பங்கு தேவைப்பட்டிருக்கிறது. அப்பங்கை நூற்றாண்டுகளாகப் பேணியவர் யார் என்று இன விவரக் குறிப்புகள் கூறுவதில்லை.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பன்றிகள் ஏறத்தாழ 90.6 லட்சம், 2012ஐவிட 12 விழுக்காடு குறைவு. மேகாலயத்தின் நியாங் மேகா, வங்கத்தின் குங்ரூ, கோவாவின் அகோண்டா கோவன் போன்றவை தேசிய அளவில் இனங்களாகப் பதிவு பெற்றுள்ளன. நம் பக்கத்துக் கரும்பன்றியோ 'நாட்டு' என்ற பொதுச்சொல்லுக்குள் கரைந்து கிடக்கிறது.

தங்கச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன. அங்கு எடுக்கப்பட்ட தங்கத்துக்குக் கணக்கேடு உண்டு. உழைத்தவர் உண்டதற்கும் வளர்த்ததற்கும் அத்தகைய ஏடில்லை. கீத்லியின் நெசவாளியுடைய பன்றி பதிவேட்டில் ஏறியது; தங்கவயல் தொழிலாளியின் பன்றி ஏறவில்லை. உணவு வரலாறு பயிலும் மாணவர்கள் சமையல் குறிப்புகளோடு நின்றுவிடாமல், வளர்த்தவர்களிடம் சென்று ஈற்று, தீவனம், நோய், விலை, பங்கீடு பற்றிய அவர்களது சொற்களைத் திரட்ட வேண்டும். அச்சொற்களே நமக்கு எஞ்சியிருக்கும் பதிவேடு.