குழாயின் கடைமடை: மட்டாஞ்சேரிக் குடிநீர் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

மட்டாஞ்சேரி என்றதும் மிளகுக் கிடங்குகளும், 1568இல் எழுந்த பரதேசி யூத ஆலயமும், டச்சு அரண்மனை என்று வழங்கப்படும் கொச்சி மன்னர் மாளிகையும் நினைவுக்கு வரும். துறைமுக வணிகத்தின் வரலாறு இவற்றை மையமாகக் கொண்டே எழுதப்பட்டிருக்கிறது. அத்துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும், படகு வலித்தவர்களும், துணி வெளுத்தவர்களும் எந்த நீரைக் குடித்தார்கள் என்ற கேள்வி அரிதாகவே எழுப்பப்படுகிறது. கொச்சிக் குடிநீர் வரலாற்றைப் படித்துவரும் நிலையில், அக்கேள்வியைப் பின்தொடர்ந்து எனக்குத் தெளிவானவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலில் நில அமைப்பு. மட்டாஞ்சேரியும் கோட்டைக் கொச்சியும் மேற்கே அரபிக்கடலுக்கும் கிழக்கே காயலுக்கும் இடையே படிந்த மணற்பரப்பில் அமைந்தவை. கடல் மட்டத்தைவிடச் சற்றே உயர்ந்த நிலம். சில அடி தோண்டினாலே நீர் ஊறும். ஆனால் கோடையில் ஆற்று வரத்துக் குறையும்போது ஓதநீர் காயலுக்குள் ஏறி வருவதால் கிணறுகள் உவர்ப்பேறும். மழை கொட்டும் ஊரில், மூன்று புறமும் நீர் சூழ்ந்திருக்க, குடிநீர் மட்டும் வெளியிலிருந்து வரவேண்டியதாயிற்று.

அந்நீர் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வடகிழக்கே ஆலுவாய்ப் பக்கம் ஓடும் பெரியாற்றிலிருந்து வந்தது. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரரும், 1795இல் அவர்களிடமிருந்து அதைப் பறித்த ஆங்கிலேயரும் ஆற்று நீரை வள்ளங்களில் நிரப்பிக் கொண்டுவரச் செய்தனர். வள்ளத்தில் வந்த நீருக்கு விலை உண்டு. அதைக் கொடுக்க இயன்றோர் பெரியாற்று நீரைக் குடித்தனர். இயலாதோர் கிணற்று உவர்நீரையே குடித்தனர். கொச்சியில் நீர் என்பது தொடக்கம் முதலே தொலைவிலிருந்து சுமந்துவரப்படும் பண்டம். ஆகவே அதன் வரலாறு பற்றாக்குறையின் வரலாறாக மட்டும் அமையவில்லை. யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில் என்ற வரிசையின் வரலாறாகவே அமைந்தது.

இந்த வரிசைக்கு மருத்துவ வரலாற்றில் ஒரு தடயம் இருக்கிறது. யானைக்கால் நோயை ஐரோப்பியர் 'கொச்சிக் கால்' என்றே அழைத்தனர். கொச்சியில் மருத்துவராகப் பணியாற்றிய ஃபிரான்சிஸ் டே 1863இல் வெளியிட்ட கொச்சி வரலாற்று நூலிலும் இந்நோயைப் பற்றி எழுதியுள்ளார். கெட்ட கிணற்று நீரே நோய்க்குக் காரணம் என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. 1877இல் பேட்ரிக் மேன்சன், சீனாவின் அமோய் துறைமுகத்தில், இந்நோய்ப் புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டறிந்தார். கொசுக்கடியே நோயைப் பரப்புகிறது என்பது பின்னாளில் உறுதியானபோதே குடிநீர்க் கோட்பாடு வீழ்ந்தது. ஆயினும் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு பெருகுவது தேங்கிய கழிவுநீரில்தான். குற்றம் குடித்த நீரில் இல்லை. வெளியேற வழியின்றி நின்ற நீரில் இருந்தது. குடிநீரையும் கழிவுநீரையும் பிரித்துத் திட்டமிட இயலாது என்பதற்குக் கொச்சியின் கால்களே சான்றாக இருந்தன. அப்பாடத்தைத் திட்டமிட்டோர் எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கு ஆட்சி அமைப்பும் ஒரு காரணம். ஒரே மணற்திட்டு இரண்டு ஆட்சிகளின் கீழ்க் கிடந்தது. கோட்டைக் கொச்சி, சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்த ஆங்கிலேய நிலம். அங்கே 1866இல் நகராட்சி ஏற்பட்டது. அதையொட்டிக் கிடந்த மட்டாஞ்சேரி, கொச்சி சமஸ்தானத்து ஊர்; அதற்கும் எர்ணாகுளத்துக்கும் நகர மன்றங்கள் அமைந்தது 1896இல். வாய்க்காலும் கொசுவும் எல்லைக்கோட்டை மதிப்பதில்லை. நகராட்சியின் வரவு செலவுக் கணக்கு எல்லையோடு நின்றுவிடும். 1956இல் கேரள மாநிலம் உருவான பின்னரும் மூன்று நகராட்சிகள் தனித்தனியே இயங்கி, 1967 நவம்பர் 1 அன்றுதான் கொச்சி மாநகராட்சியாக இணைந்தன.

இதற்கிடையே குழாய் வந்துவிட்டது. 1914இல் பெரியாற்றங்கரைச் சொவ்வரவிலிருந்து எர்ணாகுளத்துக்கு நீர் கொண்டுவரும் திட்டம் செயற்பாட்டுக்கு வந்தது. கேரளத்தின் முறையான குழாய்வழிக் குடிநீர் வரலாறு இங்கிருந்தே தொடங்குகிறது. பின்னாளில் ஆலுவாய்ச் சுத்திகரிப்பு நிலையம் விரிவாக்கப்பட்டு, காயலுக்கு மேற்கேயும் நீர் சென்றது. வள்ளம் மறைந்தது. வரிசை மறையவில்லை.

தமிழ் வாசகருக்கு இதை விளக்க நம் பாசனச் சொல் ஒன்றே போதும்: கடைமடை. வாய்க்காலின் தலைமடையில் இருப்பவர் முதலில் பாய்ச்சிக்கொள்ள, கடைமடைக்கு மிச்சமே வந்து சேரும். குழாயிலும் அதுவே நிகழ்கிறது. தொலைவு கூடக்கூட உராய்வால் நீரழுத்தம் குறையும். வழியில் தரைக்கீழ்த் தொட்டியும் மோட்டாரும் வைத்திருப்போர் கூடுதலாக இழுத்துக்கொள்வர். எஞ்சியது கடைசித் தெருக்குழாய்க்கு நள்ளிரவில் நூலாக ஒழுகும். அதற்காகக் கண்விழித்துக் குடம் வைப்பவர் பெரும்பாலும் பெண்களே. அழுத்தமற்ற குழாய்க்கு வேறொரு தீங்கும் உண்டு. நீர் நின்றிருக்கும் வேளையில், விரிசல் வழியாகச் சுற்றியுள்ள சாக்கடை நீர் உள்ளே புகும். கடைமடையில் இருப்பவருக்குக் குறைவான நீர் வருகிறது என்பதோடு, கெட்ட நீரும் வருகிறது.

நம் ஏரிப் பாசனத்தில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது. பஞ்ச காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவதும், அதைக் கண்காணிக்க நீர்க்கட்டி என்பவரை அமர்த்துவதும் பல ஊர்களின் வழக்கம். இதைப் பொற்காலமாகக் காட்ட நான் விரும்பவில்லை. நீர்க்கட்டிகளாக உழைத்தவர்கள் பல இடங்களில் நிலமற்ற தலித்துகளே. ஆனால் கடைமடை என்பது தனியே கவனிக்கப்பட வேண்டிய ஒன்று என்ற அறிவு அம்முறையில் இருந்தது. நவீனக் குடிநீர்த் திட்டத்தில் நீர்க்கட்டிக்கு இடமில்லை. திட்டத்தின் அளவு சுத்திகரிப்பு நிலையத்தின் கொள்ளளவால் குறிக்கப்படுகிறது. கடைசிக் குழாயில் விழும் குடங்களின் எண்ணிக்கையால் குறிக்கப்படுவதில்லை.

இக்குறையை உணர்ந்த முயற்சியும் கேரளத்திலேயே நடந்தது. 1977இல் மார் தெல் பிளாட்டாவில் கூடிய ஐ.நா. நீர் மாநாட்டைத் தொடர்ந்து, 1981 முதல் 1990 வரையான காலம் குடிநீர், துப்புரவுப் பத்தாண்டாக அறிவிக்கப்பட்டது. 1984இல் கேரள நீர் ஆணையம் தோன்றியது. டச்சு, டேனிஷ் அரசுகளின் உதவியுடன் நடந்த ஊரகக் குடிநீர்த் திட்டங்களில், 1988இல் சமூகப் பொருளாதாரப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. தெருக்குழாய் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பயன்படுத்துவோருடன் கலந்து முடிவு செய்வதும், வார்டுதோறும் நீர்க்குழு அமைப்பதும், கழிப்பறையைக் குடிநீரோடு சேர்த்தே திட்டமிடுவதும் அவற்றின் பணிகள். ஆலுவாய் நீரை வள்ளத்தில் வரவழைத்துக் குடித்த டச்சுக்காரரின் நாடு, மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் கேரளச் சிற்றூர்களின் கடைமடைக் குழாய்க்கு உதவிய முரண் ஆய்வாளருக்குச் சுவையானது. அதைவிட முக்கியமானது, சிற்றூர்களுக்கு உகந்ததெனக் கருதப்பட்ட அம்முறை மட்டாஞ்சேரி போன்ற நெருக்கமான நகர்ப்புறக் குடியிருப்புகளில் வேர்விடவில்லை என்பது.

மேற்குக் கொச்சி மக்கள் வீதியிலும் பின்னர் நீதிமன்றத்திலும் போராட வேண்டியிருந்தது. விசால கொச்சி குடிவெள்ள சம்ரக்ஷண சமிதி தொடுத்த வழக்கில் 2006இல் கேரள உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நீருரிமை குறித்துப் பயிலும் மாணவர் அனைவரும் படிக்கவேண்டிய ஒன்று. மேற்குக் கொச்சி மக்கள் முப்பதாண்டுகளுக்கும் மேலாகக் குடிநீர் கேட்டுவருவதை நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. பாதுகாப்பான நீரைப் போதிய அளவில் வழங்கத் தவறுவது, அரசியலமைப்பின் 21ஆம் உறுப்பு உறுதிசெய்யும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்றும், நிதியின்மை அதற்குச் சாக்காகாது என்றும் உரைத்தது. நீரும் துப்புரவும் மனித உரிமை என ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது 2010இல். மட்டாஞ்சேரியின் குடங்கள் நான்காண்டு முன்னதாகவே அங்கே சென்று சேர்ந்துவிட்டன.

அதன்பின் மூவாற்றுப்புழை ஆற்றை ஆதாரமாகக் கொண்டு, மரட்டில் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கொள்ளளவுள்ள சுத்திகரிப்பு நிலையம் எழுந்தது. நிலைமை மேம்பட்டது என்பதை மறுக்கக் கூடாது. ஆனால் 2023இன் தொடக்கத்தில், பிறவம் அருகே பாழூர் நீரேற்று நிலையத்தில் மோட்டார்கள் பழுதடைந்தபோது, மேற்குக் கொச்சி வாரக்கணக்கில் டேங்கர் லாரிகளை எதிர்நோக்கியது. வள்ளத்தின் இடத்தில் லாரி.

கழிவுநீர்க் கதை இன்னும் பின்தங்கியது. எலங்குளம் நிலையத்தைச் சார்ந்த பாதாளச் சாக்கடை எர்ணாகுளத்தின் சிறு பகுதியோடு நின்றுவிட்டது. மட்டாஞ்சேரி வீடுகளுக்குக் கழிவுத் தொட்டியே கதி. நிலத்தடி நீர் மேலேயே நிற்கும் மணலில் உறிஞ்சுகுழி உறிஞ்சுவதில்லை. வழிவது கல்வத்தி, இராமேஸ்வரம் கால்வாய்களைச் சேர்கிறது. ஓதம் ஏறும் நாளில் அதே நீர் தாழ்ந்த வீடுகளின் வாசலுக்குத் திரும்பி வருகிறது. வீட்டுக்குள் வரும் ஒவ்வொரு குடம் நீரும் கழிவாக வெளியேறியே ஆகவேண்டும். குடிநீர் வரத்து கூடக் கூட, வெளியேற வழியற்ற கழிவும் கூடுகிறது.

இறுதியாக, அருகிலேயே உள்ள ஒரு தமிழ்ச் சான்று. கோட்டைக் கொச்சியின் வெளி பகுதியில் தமிழ் பேசும் வண்ணார் சமூகத்தினரின் துவைப்புக்கூடம் ஒன்று இருக்கிறது. படைவீரரின் உடை வெளுக்கத் தம் முன்னோரை டச்சுக்காரர் அழைத்துவந்தனர் என்பது அவர்களிடையே வழங்கும் மரபு. இக்கூடத்தை 1976இல் பெருநகரக் கொச்சி வளர்ச்சிக் கழகம் கட்டியது. வண்ணார் சங்கம் அதைப் பராமரிக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்த தொட்டி, துவைகல், உலர்த்தப் பொது வெளி. நீரை நம்பிப் பிழைப்போரின் வேலைமுறையை ஒட்டி வடிவமைத்து, பொறுப்பையும் அவர்களிடமே விட்டதால் அரை நூற்றாண்டாக அது நிலைத்திருக்கிறது. சிறிய சான்றுதான். எனினும் திட்டமிடுதலுக்கு வேண்டிய பாடம் அதில் இருக்கிறது.

நகர வரலாறு, பொதுச் சுகாதாரம், பொறியியல் பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குடிநீர்த் திட்டம் ஒன்றை ஆராயும்போது, ஆவணத்தை நீரேற்று நிலையத்திலிருந்து படிக்கத் தொடங்காதீர்கள். கடைசிக் குழாய் இருக்கும் தெருவிலிருந்து தொடங்குங்கள். அங்கே எந்த நேரத்தில் நீர் வருகிறது, யார் அதைப் பிடிக்கிறார்கள், பயன்படுத்திய நீர் எங்கே போகிறது என்ற மூன்று கேள்விகளோடு மேல்நோக்கி நடந்தால், திட்ட அறிக்கைகள் சொல்லாத வரலாறு கிடைக்கும். தூத்துக்குடியிலோ வடசென்னையிலோ இவ்வகையில் ஆய்வு செய்வோர் இருப்பின் பின்னூட்டத்தில் எழுதுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கலாம்.