மடல்களில் எழுந்த இல்லம்

சிவகாசி, சாத்தூர், விருதுநகர் வட்டாரத்தில் வாழும் நமக்குத் தீப்பெட்டியும் வெடியும் அன்றாடச் சோறு. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று மறு ஆண்டு ஊர் திரும்பிய வரலாறு நம் பிள்ளைகளும் அறிந்ததே. ஆலைக்குச் செல்லும் குழந்தையைக் கண்டு, 'இது தகாது' என்று உரக்கச் சொன்ன வீடு ஒன்று அதற்கும் முன்பே சிகாகோ நகரில் இருந்தது. அவ்வீடு பிறப்பதற்கு முன் இரு தோழியர் பத்தாண்டுக் காலம் ஒருவருக்கொருவர் மடல் எழுதி வந்தனர். அந்த நட்பைப் பற்றியே இங்குச் சிறிது சிந்திக்க விழைகிறோம்.

ஜேன் ஆடம்சும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் 1877-இல் அமெரிக்காவின் ராக்ஃபோர்டு மகளிர் கல்விக்கூடத்தில் சந்தித்தனர். ஆடம்ஸ் வசதியான வீட்டுப் பெண். ஸ்டாருக்கோ ஓராண்டுக்கு மேல் படிக்கப் பணமில்லை. படிப்பை விட்டு ஆசிரியப் பணிக்குச் சென்றார். பிரிவு மடல்களைத் தோற்றுவித்தது. அவற்றில் அவர்கள் பெரிதும் பேசியது கடவுளைப் பற்றித்தான். ஸ்டார் விசுவாசத்திற்காக ஏங்கினார். திருச்சபைகளின் வாசல்களில் நின்று தட்டினார். ஆடம்சோ, தோழியைப் போல உணரத் தம்மால் இயலவில்லை என்று மறைக்காமல் எழுதினார். ஒருவரை ஒருவர் மாற்றிவிட முயலாமலும், ஒருவருக்காக ஒருவர் பொய் சொல்லாமலும் அம்மடல்கள் தொடர்ந்தன. நம் குடும்பங்களில்கூட அரிதாகக் காணப்படும் பண்பு இது.

1881-இல் தந்தையை இழந்த ஆடம்ஸ், நோயுற்று, செய்வதற்கு வேலையின்றிப் பல ஆண்டுகள் தவித்தார். 1888-இல் தோழியர் இருவரும் ஐரோப்பியப் பயணத்தில் இருந்தபோது, மாட்ரிட் நகரில் காளைச் சண்டை ஒன்றைக் கண்டனர். நம் மஞ்சுவிரட்டு போன்றதன்று அது. காளையைக் கொன்று முடிக்கும் விளையாட்டு. உடன் வந்தோர் அருவருத்து வெளியேற, ஆடம்ஸ் மட்டும் கலங்காமல் அமர்ந்திருந்தார். அன்று மாலை தம் மனம் மரத்துப்போனதை எண்ணி அவர் வெட்கினார். ஏழையர் நடுவே ஒரு வீடு எடுத்துக் குடியிருக்க வேண்டும் என்று நெடுநாள் பொத்தி வைத்திருந்த எண்ணத்தைத் தட்டுத்தடுமாறி ஸ்டாரிடம் சொன்னார். ஸ்டார் உடனே துணை நின்றார்.

அத்தகைய வீடு ஒன்றைக் காண ஆடம்ஸ் 1888 ஜூனில் லண்டன் சென்றார். படித்தவர்கள் ஏழையரின் அண்டை வீட்டாராய்க் குடியேறி வாழ, பாதிரியார் சாமுவேல் பார்னெட் 1884-இல் தொடங்கிய டாயின்பி இல்லம் அது. இவற்றையே 'செட்டில்மெண்ட்' இல்லங்கள் என்றனர். அதே ஜூனில், அதே கிழக்கு லண்டனில், 'பிரையண்ட் அண்ட் மே' தீப்பெட்டி ஆலைப் பெண்களின் அவலத்தை ஓர் அம்மையார் எழுதி அம்பலப்படுத்தினார்; ஜூலையில் ஏறத்தாழ 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து மறைந்த அன்னி பெசண்ட்தாம் அவர். அப்பெண்களின் தாடை எலும்பை அரித்த வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி, இந்தியாவில் 1913-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டது. பத்தாண்டு கழித்துத் தோன்றிய சிவகாசித் தொழில் அந்த நஞ்சிலிருந்தாவது தப்பியது.

1889 செப்டம்பர் 18 அன்று, சிகாகோவில் அயல்நாட்டுக் கூலிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில், 'ஹல் இல்லம்' திறக்கப்பட்டது. இத்திட்டம் உதவி பெறுவோரைவிட உதவி செய்வோருக்கே மிகுந்த நன்மை தரும் என்பது ஜேனின் கருத்து என்று ஸ்டார் தம் சகோதரிக்கு எழுதியிருந்தார்.

அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு விழா வந்தது. இல்லத்திற்கு வந்த சிறுமிகளுக்கு மிட்டாய் வழங்கினர். சிலர் வாங்க மறுத்தனர். தாங்கள் மிட்டாய் ஆலையில் வேலை செய்வதாகவும், அதைக் கண்ணால் காணவே பிடிக்கவில்லை என்றும் சொன்னார்கள். விசாரித்தபோது, ஆறு வாரங்களாகக் காலை 7 மணி முதல் இரவு 9 மணிவரை அவர்கள் உழைத்தது தெரிந்தது. பண்டிகைக்கான மிட்டாயைச் செய்தவர்களுக்குப் பண்டிகை கசந்துபோயிருந்தது.

இதைப் படிக்கையில் நம் ஊர்கள் நினைவுக்கு வராமல் இரா. விடியுமுன் கிராமந்தோறும் வந்து சிறுமிகளை ஏற்றிச் சென்ற ஆலைப் பேருந்துகளை நாம் கண்டிருக்கிறோம். தீபாவளிக்கு மட்டுமா வெடி? திருவிழாத் தேர்ப்பவனிக்கு முன் நாம் கொளுத்திய சரத்தில் திரி வைத்த விரல்களின் வயது என்ன என்று எத்தனை பங்குகளில் கேட்டோம்?

சிகாகோவில் கேட்டார்கள். 1891-இன் இறுதியில் ஹல் இல்லத்திற்கு வந்து சேர்ந்த ஃபுளாரன்ஸ் கெல்லி, வீடு வீடாக ஏறி விவரம் திரட்டினார். 1893-இல் இல்லினாய் மாநிலம் ஆலைகளில் 14 வயதுக்குட்பட்டோர் வேலை செய்வதைத் தடுத்தது. கெல்லியே தலைமை ஆய்வாளர் ஆனார். நம் நாட்டில் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. சிவகாசி வழக்கில் உச்ச நீதிமன்றம், விதி மீறும் முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதியில் செலுத்த வேண்டும் எனத் தீர்ப்பளித்தது 1996 டிசம்பர் 10-இல். 14 வயதுக்குட்பட்டோரை எவ்வேலையிலும், 18 வயது நிரம்பாதோரை ஆபத்தான தொழில்களிலும் அமர்த்தலாகாது என்று சட்டம் 2016-இல் இறுக்கப்பட்டது.

தோழியரிடம் திரும்புவோம். இல்லம் வளர, இருவருக்கும் இடையே இடைவெளியும் வளர்ந்தது. 1890-இல் வந்த மேரி ரோசெட் ஸ்மித் ஆடம்சுக்கு மிக நெருங்கிய துணையானார். ஸ்டார் மனம் நொந்திருப்பார். ஆயினும் இல்லத்தை விட்டு ஓடவில்லை. லண்டன் சென்று நூல் கட்டும் கலை கற்று வந்தார். தையல் தொழிலாளரோடு தெருவில் நின்றார். 1914-இல் உணவகப் பணிப்பெண்களின் வேலைநிறுத்தத்தில் கைதும் ஆனார். சமரசம் பேசுவது ஆடம்சின் இயல்பு. ஸ்டாருக்கு அது வராது.

இளமையில் மடல்தோறும் தேடியதை ஸ்டார் 1920-இல் கண்டடைந்தார்; கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1929-இல் முதுகுத்தண்டில் நடந்த அறுவைக்குப்பின் அவரால் நடக்க இயலவில்லை. நியூயார்க் மாநிலத்தில் சஃபர்ன் என்னும் ஊரில், குழந்தை இயேசு சபைக் கன்னியரின் மடத்தில் தங்கினார். ஆடம்ஸ் 1931-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்று, 1935 மே 21 அன்று மறைந்தார். ஸ்டார் 1940 பிப்ரவரி 10 அன்று கண்மூடினார்.

நம்ப முடியவில்லை என்று இளம் ஜேன் எழுதிய மடல்களை அவர் கிழித்தெறியவில்லை. அவை இன்று அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரிக் காப்பகத்தில், எல்லன் ஸ்டாரின் தாள்களோடு இருக்கின்றன.