பம்பின் கைப்பிடி



1854 ஆகஸ்ட் கடைசியில் லண்டன் பிராட் தெருவில் காலரா. பத்தே நாளில் 500 பேருக்கு மேல் பலி. கெட்ட காற்றுதான் காரணம் என்றார்கள் பெரிய டாக்டர்கள். ஜான் ஸ்நோ மட்டும், யார் எந்தத் தண்ணீர் குடித்தார்கள் என்று வீடு வீடாக விசாரித்தார். பக்கத்து பீர் ஆலைத் தொழிலாளர்களில் யாரும் சாகவில்லை. அவர்கள் தெருப் பம்புத் தண்ணீரைத் தொடவே இல்லை. (வாத்தியார் பீருக்கு விளம்பரம் செய்வதாக நினைக்காதீர்கள்!) ஸ்நோ சொல்லி, செப்டம்பர் 8-இல் அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

எனக்கு அதிகம் பிடித்தவர் ஹென்றி வைட்ஹெட் பாதிரியார். ஸ்நோ சொன்னது தவறு என்று காட்டக் கிளம்பியவர். அவர்தான் மூலத்தையே கண்டுபிடித்தார். 40-ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. துணி அலசிய தண்ணீரைத் தாய் கொட்டிய கழிவுக்குழி, பம்புக் கிணற்றிலிருந்து மூன்றடிகூட இல்லை.

1884-இல் கோச் கல்கத்தாவில் காலராக் கிருமியைத் தனியே பிரித்தெடுத்தபோது, ஸ்நோ இறந்து கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.