கல் பங்களாக்காரர் கட்டிய ஏரி

நம் கல்லூரியில் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் இரண்டு இடங்களை மறக்காமல் சொல்வார்கள். ஒன்று கல் பங்களா. இன்னொன்று போட் ஹவுஸ். முன்னது படிக்க வந்த இடம். பின்னது படிப்பிலிருந்து தப்பிக்கப் போன இடம்!

மத்தியானம் ஒரு வகுப்பு இல்லையென்று தெரிந்தால் போதும், "மச்சி, லேக் பக்கம் ஒரு ரவுண்டு போலாமாடா?" என்று யாராவது ஆரம்பித்து விடுவார்கள். ஐந்தாறு பேர் சில்லறையைச் சேர்த்துப் போட்டு ஒரு துடுப்புப் படகு எடுப்போம். துடுப்புப் போடத் தெரிந்தவன் ஒருவனும் இருக்க மாட்டான். படகு நடு ஏரியில் நின்ற இடத்திலேயே பம்பரமாய்ச் சுற்றும். கரையில் நிற்கும் டூரிஸ்டுகள் எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். மே மாதம் கோடை விழா வந்து விட்டால் படகுப் போட்டியும் அலங்காரப் படகுகளும் பார்க்க ஊரே கரையில் கூடும். அந்தக் கூட்டத்தில் முண்டியடித்து நின்ற சந்தோஷம் இப்போதும் மனசில் இருக்கிறது.

ஆனால் கல் பங்களாவையும் அந்த ஏரியையும் கட்டியவர் ஒரே ஆள் என்பது மூன்று வருஷம் படித்தும் எனக்குத் தெரியாது. பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, பிறகு பொறியியல் படித்து, நீர்வழிகள் சம்பந்தமான வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்து கொண்டேன். தெரிந்ததும் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

அவர் பெயர் ஜான் சல்லிவன். கோயம்புத்தூர் கலெக்டர். 1818-ல் விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரண்டு உதவி அதிகாரிகள் நீலகிரி மேலேறிப் பார்த்து விட்டு வந்து சொன்ன செய்தியைக் கேட்டு, 1819 ஜனவரியில் தானே மலையேறினார். தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய் என்று நிலம் வாங்கி, 1822-ல் ஊட்டியின் முதல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். உள்ளூர் மக்கள் அதற்கு வைத்த பெயர்தான் 'கல் பங்களா'. வீட்டு வேலை ஆரம்பித்த மறு வருஷமே ஏரி வேலையையும் ஆரம்பித்து விட்டார். 1825 வாக்கில் அது முடிந்தது.

நம்மில் பல பேர் நினைப்பது போல அது இயற்கையான ஏரி அல்ல. ஊட்டி ஒரு கிண்ணம் மாதிரியான ஊர். சுற்றிலும் குன்றுகள். அவற்றிலிருந்து இறங்கும் ஓடைகள் ஒன்று சேர்ந்து ஒரு பள்ளத்தின் வழியாக வெளியேறும். அந்த வாசலில் ஒரு மண் கரை போட்டால் தண்ணீர் பின்னால் நிரம்பும். சல்லிவன் செய்தது இதைத்தான். நம்மூர்க் கிராமங்களில் காலங்காலமாகக் கண்மாய்க்கும் குளத்துக்கும் கரை போட்ட அதே முறை! நோக்கமும் வேடிக்கை பார்ப்பது மட்டுமல்ல. பாசனத்துக்குத் தண்ணீர் தேக்குவதும் அதில் ஒன்று.

ஆரம்பத்தில் ஏரி இப்போதிருப்பதை விட மிகப் பெரிது. ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் போகப் படகில் கடந்தார்கள். மூன்று முறை வெள்ளம் மீறிக் கரை உடைந்து தண்ணீர் வெளியேறியதாகச் சொல்லப்படுகிறது. ஒவ்வொரு முறையும் திரும்பக் கட்டினார்கள். ஆகவே ஏரியைக் கரைந்து போகச் செய்தது வெள்ளம் அல்ல. அதைச் செய்தது நம்முடைய தேவைகள்தான்.

பிறகு ஊட்டி சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகரமாயிற்று. 1886-ல் குதிரைப் பந்தயம் வந்தது. ரேஸ் கோர்ஸ் இருக்கும் இடம் பழைய ஏரியின் வயிறு. 1908-ல் குன்னூரிலிருந்து ரயில் வந்து சேர்ந்தது. அப்புறம் பஸ் ஸ்டாண்டு, பார்க்... இவையும் ஏரி விட்டுக் கொடுத்த இடத்தில் எழும்பியவையே. நாம் ஊருக்குப் போக பஸ் ஏறியதும் ஏரிக்குள் நின்றுதான்! கனமழை பெய்தால் ரயில்வே பாலத்தடியில் தண்ணீர் தேங்குகிறதே, அது தண்ணீரின் குற்றமில்லை. அது தன் பழைய வீட்டுக்கு வந்து பார்க்கிறது, அவ்வளவுதான். இன்று மிஞ்சியிருப்பது சுமார் 65 ஏக்கர். 1973-ல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் படகு சவாரியை ஏற்று நடத்த வந்தது. அதற்குப் பிறகு 'ஏரி' என்ற சொல்லே ஊர் வாயிலிருந்து மறைந்து, 'போட் ஹவுஸ்' நிலைத்து விட்டது.

என் வருத்தம் இந்தப் பெயர் மாற்றத்தில்தான் இருக்கிறது. 'ஏரி' என்றால் கரை, மதகு, வரத்துக் கால்வாய், உபரி நீர் போகும் வழி எல்லாம் நினைவுக்கு வரும். 'போட் ஹவுஸ்' என்றால் டிக்கெட் கவுண்டர்தான் நினைவுக்கு வரும். ஊருக்குள்ளிருந்து கோடப்பமந்து கால்வாய் கொண்டு வரும் கழிவும் சேறும் ஏரியில்தான் சேர்கின்றன. ஆகாயத் தாமரை படர்வதும் அதை அள்ளுவதும் தொடர்கதை. மத்திய அரசின் தேசிய ஏரிகள் பாதுகாப்புத் திட்டத்தில் ஊட்டி ஏரியும் சேர்க்கப்பட்டது. ஆனால் ஏரிக்குள் அள்ளுவதால் மட்டும் தீராது. வரத்துக் கால்வாயில் கை வைக்க வேண்டும். நோய் இருப்பது அங்கே.

ஹாஸ்டலில் கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்து நண்பன் ஒருவன் இருந்தான். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் அவன் வீட்டுக்கு நெல்லும் மஞ்சளும். "எங்க தோட்டத்துக்குத் தண்ணி உங்கூர்ல இருந்துதான்டா வருது" என்பான். உள்ளூர்க்காரனான நான், "ஆமாமா, பில் அனுப்பறேன்" என்று கிண்டல் செய்வேன். அவன் சொன்னது நிஜம். ஏரியிலிருந்து வெளியேறும் தண்ணீர் காமராஜ் சாகர் அணைக்குப் போகிறது. அங்கிருந்து அதன் வழி மாயாறு. மாயாறு சேருமிடம் பவானிசாகர். அந்த அணையை நம்பி சமவெளியில் சுமார் இரண்டு லட்சம் ஏக்கர் இருக்கிறது. பாசனத்துக்கென்று நினைத்த நினைப்பு இருநூறு வருஷம் கழித்தும் பொய்க்கவில்லை. நாம் ஏரியில் விடுவது எதுவானாலும் அது அவன் தோட்டத்தை நோக்கித்தான் போகிறது என்று எனக்கு அன்று உறைக்கவில்லை.

2024 ஜூலையில் ரேஸ் கோர்ஸ் நிலம் 52 ஏக்கரை மாவட்ட நிர்வாகம் மீட்டெடுத்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் குதிரைக் குளம்பு பட்ட அந்த மண்ணில் கொஞ்சமாவது தண்ணீருக்குத் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். லேக்குக்குப் போங்கள், படகு விடுங்கள், கோடை விழாவில் கைதட்டுங்கள். வேண்டாமென்று நான் சொன்னால் என் நண்பர்களே என்னை விட மாட்டார்கள்! கூடவே மாதம் ஒரு நாள், கோடப்பமந்து கால்வாய் ஏரியில் விழும் இடத்தில் நின்று, தண்ணீரின் அளவையும் நிறத்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வேதியியல் துறையும் வனவிலங்கு உயிரியல் துறையும் இருக்கிற கல்லூரிக்கு அது பெரிய காரியமில்லை. பத்து வருஷக் கணக்கு கையில் இருந்தால், யாரிடம் போய்ப் பேசினாலும் நம் பேச்சுக்கு எடை இருக்கும்.

பழைய மாணவர்களான நாம், அடுத்த சந்திப்பில் கல் பங்களா முன்னால் போட்டோ எடுத்துக் கொண்ட கையோடு, ஏரிக் கரை வரை நடந்து போவோம். டிக்கெட் கவுண்டரோடு நின்று விடாமல், தண்ணீர் வெளியேறும் மதகு வரை. முதல் நோட்டுப் புத்தகம் என் செலவு!