படி ஏறும் பயணிகள், படி ஏறாத ரயில்

ஜப்பான் ரயில் என்றாலே எல்லோரும் புல்லட் ரயிலைத்தான் கேட்கிறார்கள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகள் வீட்டில் தங்கியிருந்தபோது பார்த்தவற்றில் என் மனதில் நின்றது தோஆய் என்ற ஆளில்லாத சின்ன ஸ்டேஷன். டோக்கியோவுக்கு வடக்கே, குன்மா மாகாணத்தில், தனிகாவா மலையடிவாரத்தில் இருக்கிறது.

டோக்கியோ பக்கம் போகும் அப் ரயில் இங்கே தரைமட்டத்தில், திறந்த வெளியில் நிற்கும். நீகாதா பக்கம் போகும் டவுன் ரயில் நிற்பதோ சுரங்கத்துக்குள், ஏறக்குறைய 70 மீட்டர் கீழே! அங்கே இறங்கினால் ஒரே நேர்கோட்டில் 462 படிகள். கோடையிலும் உள்ளே சில்லென்று இருக்கும். ஏறி முடித்தால் ஆற்றைக் கடக்கும் மூடிய நடைபாதை, அதில் இன்னும் 24 படிகள். பிறகுதான் டிக்கெட் கேட்.

இந்த விசித்திரத்துக்குக் காரணம் இரண்டு சுரங்கங்கள். 1931-ல் திறந்த ஷிமிசு சுரங்கம் 9.7 கி.மீ. நீளம். சுரங்கத்தின் நீளத்தைக் குறைக்க, ரயில் முடிந்தவரை மலைமேல் ஏறி அதற்குள் நுழைய வேண்டும். அதற்காக மலையின் இரு பக்கமும் பாதையை வட்டமாகச் சுற்ற வைத்தார்கள். ஒற்றைப் பாதை என்பதால் தோஆயில் ஒரு சிக்னல் நிலையம் வந்தது. 1936-ல் அது முறையான ஸ்டேஷன் ஆனது.

போக்குவரத்து பெருகியதும் இரண்டாவது பாதை தேவைப்பட்டது. அதற்குள் சுரங்கம் தோண்டும் தொழில்நுட்பம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. 1967-ல் வந்த புதுச் சுரங்கம் 13.5 கி.மீ., மலைக்கு இன்னும் அடியில். வட்டமடிக்கும் வேலையே இல்லை. ரயில் ஏற வேண்டிய ஏற்றம் மிச்சம். அதைப் பயணிகளின் கால்களில் இறக்கி வைத்துவிட்டார்கள். படிகளின் ஓரத்தில் எஸ்கலேட்டருக்கென்று விட்ட இடம் இன்றும் காலியாகவே கிடக்கிறது. எந்த ஊரானாலும் பட்ஜெட் பட்ஜெட்தான் போலிருக்கிறது! ஊழியர்கள் இருந்த காலத்தில் டவுன் ரயிலுக்கு 10 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்களாம். இறங்கிப் போக அவ்வளவு நேரம் வேண்டுமே.

அந்தப் படிகளில் ஏறியவர்களில் பெரும்பாலோர் மலையேறிகள். இரவு ரயிலில் வந்து, விடியுமுன் மலைக்குக் கிளம்புவார்கள். தனிகாவாவின் உயரம் 1,977 மீட்டர்தான். ஆனால் செங்குத்தான பாறைகள், சட்டென்று மாறும் வானிலை. 800 பேருக்கு மேல் அங்கே உயிரிழந்திருக்கிறார்கள். எவரெஸ்டில் இறந்தவர்களைவிட அதிகம். ஸ்டேஷனுக்கு அருகே அவர்கள் பெயர்கள் பொறித்த நினைவிடம் இருக்கிறது. இந்தப் பாதை வந்ததால்தான் டோக்கியோ இளைஞர்கள் ஒரே இரவில் அந்தப் பாறைகளை எட்ட முடிந்தது என்பதை அங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1982-ல் புல்லட் ரயில் தனக்கென 22 கி.மீ. சுரங்கத்தோடு வந்தது. கூட்டம் அந்தப் பக்கம் போனது. 1985-ல் தோஆயில் ஊழியர்களை எடுத்துவிட்டார்கள். இப்போது நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணும் ரயில்கள்தான்.

நோபல் பரிசு பெற்ற கவாபாத்தாவின் 'பனி நாடு' நாவலில் வருவது அந்தப் பழைய ஷிமிசு சுரங்கம். அதில் இப்போது அப் ரயில் மட்டுமே ஓடுகிறது. ஆக, கதாநாயகன் போன திசையில் இன்று அதன் வழியே போக முடியாது.

முழங்கால் வலி உள்ளவர்கள் நீகாதா பக்கமிருந்து அப் ரயிலில் வாருங்கள். தரைமட்டத்தில் இறங்கி, சுற்றிப் பார்த்துவிட்டு, அடுத்த அப் ரயிலிலேயே டோக்கியோ பக்கம் கிளம்பிவிடலாம். ஒரு படிகூட ஏறாமல் மேலே நின்றபடியே அந்தப் படிக்கட்டை எட்டிப் பார்ப்பது முடியாது; நடைபாதையின் 24 படிகளையாவது இறங்கித்தான் ஆக வேண்டும்.