கூரை வேய்ந்த கூடும் திறந்த கூடும்

ஆஸ்திரேலிய மேக்பையின் கூடு ஒரு திறந்த கிண்ணம். உயரமான யூகலிப்டஸ் மரத்தின் கிளைக் கவட்டில் சுள்ளிகளை அடுக்கி, உள்ளே புல்லும் ரோமமும் பரப்பியிருக்கும். மேலே மறைப்பு ஏதும் கிடையாது. அதே மரத்தில், சில வேளை அந்தக் கூட்டுக்கு நேர் கீழேயே, நம் விசிறிவால் ஈப்பிடிப்பானுக்கு உறவான வில்லி வாக்டெய்ல் குடித்தனம் நடத்தும். தார்ன்பில் என்னும் சின்னஞ்சிறு குருவியும் அப்படியே. பார்டலோட் என்ற குருவி இன்னும் ஒரு படி மேலே போய், மேக்பை கூட்டின் அடிப்பகுதியையே குடைந்து உள்ளே முட்டையிட்டதும் பதிவாகியிருக்கிறது. மேக்பை இவர்களை விரட்டுவதில்லை.

ஐரோப்பிய மேக்பையின் கூட்டைப் பார்த்தால் கோட்டை ஒன்று நினைவுக்கு வரும். சேற்றால் மெழுகிய அடித்தளம், அதைச் சுற்றிலும் மேலும் முள் சுள்ளிகளால் வேய்ந்த கூரை, பக்கவாட்டில் ஒரு வாசல். கூரை வேய்வது முக்கியமாகக் காகத்துக்குப் பயந்து. ஐரோப்பாவின் கருங்காகம் மேக்பை முட்டைகளை வாய்ப்புக் கிடைத்தால் தூக்கிவிடும். அந்த மேக்பையே கீழேயுள்ள வேலிப் புதரில் கருங்குருவியின் கூட்டைத் தேடி இறங்கும்போது, சிறு பறவைகள் எல்லாம் சேர்ந்து கத்தி ஊரைக் கூட்டும். அதன் நிழலில் யாரும் விரும்பிக் குடியேறுவதில்லை. அது கைவிட்டுப்போன பழைய கூட்டைத்தான் நீள்செவி ஆந்தையும் சிறு வல்லூறும் எடுத்துக்கொள்கின்றன.

இரண்டும் கறுப்பு வெள்ளைப் பறவைகள். ஆஸ்திரேலியாவில் குடியேறிய பிரிட்டிஷார் இந்த நிறத்தைப் பார்த்துத்தான் தங்கள் ஊர்ப் பறவையின் பெயரை அங்கேயும் வைத்தார்கள். ஐரோப்பிய மேக்பை காகக் குடும்பம். நம் தோப்புகளில் திரியும் வால் காக்கைக்குப் பங்காளி. லடாக்கில் லே நகரைச் சுற்றியுள்ள பாப்லர் மரங்களில் அதைக் காணலாம். ஆஸ்திரேலிய மேக்பையோ வேறு குடும்பம், அந்தக் கண்டத்திலும் நியூகினியிலும் வாழும் கசாப்புப் பறவைகளின் இனம். ஆக, இரண்டையும் ஒப்பிடுவது உறவு பார்க்க அல்ல. ஏறக்குறைய ஒரே அளவு உடலும் அறிவும் கொண்ட இரு பறவைகளில் ஒன்றைக் கண்டு அக்கம்பக்கம் ஏன் அலறுகிறது, இன்னொன்றின் அருகே ஏன் வந்து தங்குகிறது என்பதே கேள்வி. அவை எத்தனை பேராகச் சேர்ந்து வாழ்கின்றன, இரையை எங்கிருந்து எடுக்கின்றன என்ற இரண்டு விஷயங்களில் பெரும்பாலான பதில் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

ஐரோப்பிய மேக்பை ஜோடியாக நிலம் பிடிக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்து தங்கள் எல்லையைக் காக்க வேண்டும்; உதவிக்கு ஆள் கிடையாது. இடம் கிடைக்காத இளசுகள் கூட்டமாகச் சுற்றிக்கொண்டு, எந்த ஜோடி தளரும் என்று பார்த்திருக்கும். உணவில் அது எதையும் ஒதுக்காது: வண்டு, புழு, தானியம், பழம், செத்த விலங்கு, மனிதர் போடும் மிச்சம். வசந்தத்தில் மட்டும் அந்தப் பட்டியலில் முட்டையும் குஞ்சும் சேர்கின்றன. அதன் மொத்த உணவில் இது சிறு பங்குதான். ஆனால் அது நடப்பது வீட்டுத் தோட்டத்தில், பட்டப்பகலில், குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது. இரவில் எலியும் பூனையும் அழிக்கும் கூடுகளை யாரும் பார்ப்பதில்லை.

இந்தக் காட்சிதான் பிரிட்டனில் ஒரு பெரிய வழக்கானது. 1970களிலிருந்து அங்கே மேக்பைகள் பெருகின. அதே காலத்தில் வானம்பாடியும் பாடும் குருவிகளும் குறைந்தன. இரண்டையும் முடிச்சுப் போட்டு மேக்பையைக் குற்றவாளியாக்க அதிக நேரம் ஆகவில்லை. ஷெஃபீல்டில் இந்தப் பறவையைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த டிம் பர்க்ஹெட், வேறு இருவருடன் சேர்ந்து, நாடு முழுவதும் தன்னார்வலர்கள் சேர்த்துவைத்திருந்த கூட்டுப் பதிவுகளையும் பறவைக் கணக்கெடுப்புகளையும் அலசி 1991இல் முடிவை வெளியிட்டார். மேக்பை கூடிய இடங்களில் சிறு பறவைகள் கூடுதலாகக் குறைந்ததற்கோ, அவற்றின் கூடுகள் அதிகம் தோற்றதற்கோ சான்று கிடைக்கவில்லை. பின்னர் நீண்ட காலத் தரவுகளைக் கொண்டு செய்த ஆய்வுகளும் பெரும்பாலும் அதையே சொல்லின. வயல்வெளிப் பறவைகள் குறைந்ததில் வேளாண்மை மாறியதற்குப் பெரும் பங்கு உண்டு. வேலிகள் பிடுங்கப்பட்டன, பூச்சிமருந்து கூடியது, இலையுதிர் காலத்திலேயே விதைக்கத் தொடங்கியதால் குளிர்காலத்தில் குருவிகள் பொறுக்கித் தின்ன அறுவடைத் தாள் நிலம் இல்லாமல் போனது. சிறு பறவைகள் ஏராளமாக முட்டையிடுவதே பெரும்பகுதி அழியும் என்பதால்தான். ஒரு கூடு போனால் மறுபடி கட்டும். ஒரு மேக்பை ஒரு கூட்டை அழிப்பது உண்மை. அதனால் ஓர் இனமே அழிகிறது என்பது வேறு கூற்று, அதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். அந்த நிரூபணம் இதுவரை வரவில்லை.

திருட்டுப் பழியும் இப்படித்தான். இத்தாலிய இசையமைப்பாளர் ரொசினியின் 1817ஆம் ஆண்டு ஓபராவில் வெள்ளிச் சாமானைத் தூக்கிப்போவது மேக்பை. எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பளபளக்கும் பொருட்களைத் தீனிக்கு அருகே வைத்துப் பார்த்தபோது, பறவைகள் அவற்றைத் தேடி வரவில்லை, கண்டு தயங்கின.

ஆஸ்திரேலியப் பறவை இன்னொரு வழியில் வாழ்கிறது. அது பெரும்பாலும் தரையில் நடந்து, மண்ணுக்குள் வண்டுப் புழுக்கள் அசையும் ஓசையைக் காதால் கேட்டுத் தோண்டி எடுக்கும். புல்வெளியும் மேய்ச்சல் நிலமும் அதற்குக் களஞ்சியம். பல்லியும் எலிக்குஞ்சும் வாய்த்தால் விடாது. ஆனாலும் தினசரிச் சாப்பாடு அடுத்தவர் கூட்டில் இல்லை. அந்த நிலத்தை ஆண்டு முழுவதும் காக்க வேண்டியிருப்பதால் பல இடங்களில் குழுவாக வாழ்கிறது. பெர்த் நகரில் பெஞ்சமின் ஆஷ்டன், அமாண்டா ரிட்லி குழுவினர் ஆராய்ந்த மேக்பைக் குழுக்களில் மூன்று முதல் பன்னிரண்டு பறவைகள் வரை இருந்தன. 56 பறவைகளுக்கு மரத்துண்டில் ஒளித்த தீனியை எடுப்பது போன்ற புதிர்கள் வைத்தார்கள். பெரிய குழுவில் வாழ்ந்த பறவைகள் அவற்றை விரைவாக அவிழ்த்தன. புதிரில் தேறிய பெட்டைகள் அதிகக் குஞ்சுகளையும் வளர்த்தன. 2018இல் வெளியான இந்த ஆய்வு என்னைக் கவர்வதற்குக் காரணம், அறிவை உடலோடு பிறந்ததாக மட்டும் பார்க்காமல், பலரோடு ஒத்துப்போயும் முட்டிமோதியும் வளர்வதாகக் காட்டுவதுதான்.

இந்தக் குழு பிற பறவைகளையும் கவனிக்கிறது. நாய்சி மைனர் என்னும் பறவை, வானில் வல்லூறு வந்தால் ஒரு குரலிலும், தரையில் பகை வந்தால் வேறு குரலிலும் எச்சரிக்கும். அந்தக் குரல்களைப் பதிவு செய்து ஒலிபரப்பியபோது, வான் எச்சரிக்கைக்கு மேக்பைகள் அலகை மேலே உயர்த்திப் பார்த்தன. தரை எச்சரிக்கைக்கு அவ்வளவு உயர்த்தவில்லை. அண்டை வீட்டாரின் மொழி அவற்றுக்குப் புரிகிறது. பாட்டிலும் அப்படித்தான். பறவை ஆய்வாளர் கிசெலா கப்லான் காட்டியபடி, தன் எல்லையில் நிரந்தரமாக வாழும் விலங்குகளின் குரல்களை மேக்பை தன் பாடலில் கோத்துக்கொள்கிறது: கூக்கபுரா என்னும் பறவை, நாய், குதிரை. காட்டுத்தீ எரிந்த 2019–20 கோடையில் நியூ சவுத் வேல்ஸின் நியூகாசலில் ஒரு மேக்பை தீயணைப்பு வண்டியின் சங்கொலியை அப்படியே பாடியது, உலகமே கேட்டது.

வல்லூறோ உடும்போ வந்தால் குழு முழுவதும் பாயும். ஆப்புவால் கழுகைக்கூடத் துரத்தும். தார்ன்பில் ஏன் அங்கே கூடு கட்டுகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. தன் குஞ்சைத் தின்னாத, ஆனால் தன் பகைவரை ஓட்டும் காவல்காரர் வேறு எங்கே கிடைப்பார்? அதே மூர்க்கம்தான் சைக்கிளில் போகும் மனிதர்மீதும் பாய்கிறது. குஞ்சு கூட்டில் இருக்கும் சில வாரங்கள் மட்டும், பெரும்பாலும் ஆண் பறவைகள், அவற்றிலும் மிகச் சிலவே அப்படிச் செய்கின்றன. மெல்போர்னிலும் சிட்னியிலும் வாழும் தமிழர்கள் செப்டம்பர் மாதத்தில் தலையைக் காத்துக்கொண்டு நடப்பது இதனால்தான்.

காவல் எவ்வளவு பலமானாலும் குயிலிடம் இரண்டு மேக்பைகளுமே தோற்கின்றன. ஸ்பெயினின் குவாதிஸ் பகுதியில் பெரும்புள்ளிக் குயில் ஐரோப்பிய மேக்பையின் கூட்டில் அதன் முட்டையைப் போலவே தோன்றும் முட்டையை இடும். குயில் குஞ்சு முன்னதாகப் பொரித்து, உரக்கக் கத்தி, தீனியைத் தானே வாங்கிக்கொள்ளும். நம் ஊர்க் காகமும் குயிலும் போலத்தான்: வளர்ப்புப் பெற்றோரின் குஞ்சைத் தள்ளிவிடுவதில்லை, பட்டினி போடுகிறது. ஆனால் குவாதிஸில் இன்னொன்று நடந்தது. குயில் முட்டையை வெளியே எறிந்த மேக்பைகளின் கூடுகள், ஏற்றுக்கொண்டவற்றைவிட மிக அதிகமாகச் சூறையாடப்பட்டதை மனுவேல் சோலர் குழுவினர் 1995இல் வெளியிட்டனர். மறுத்தால் பழிவாங்கும் குயில் இருக்கலாம் என்று இஸ்ரேலிய உயிரியலாளர் அமோட்ஸ் சஹாவி 1979இலேயே ஊகித்திருந்தார். கூரையையும் முள்ளையும் தாண்டி வரும் மிரட்டல் இது. ஒரு ஜோடியால் நாள் முழுதும் காவல் நிற்க முடியாது.

ஆஸ்திரேலியாவின் கிழக்கில் வரும் எதிரி உருவத்திலேயே பெரிது. நியூகினி, இந்தோனேசியப் பக்கமிருந்து வசந்தத்தில் இறங்கும் சேனல்பில் குயில், பிற பறவைக் கூட்டில் முட்டையிடும் இனங்களில் உலகிலேயே பெரியது, மேக்பையைவிட நீளமானது. கழுகைத் துரத்தும் பறவை அந்தக் குஞ்சுக்கு இரை ஊட்டுவதும், தன் குஞ்சுகள் பின்தங்கிப்போவதும் நடக்கின்றன.

தம் இனத்தாரிடம் நடந்துகொள்வதில்தான் வேறுபாடு கூர்மையாகிறது. பிரிட்டனில் ஐரோப்பிய மேக்பையைப் பிடிக்கப் பயன்படும் லார்சன் பொறி, டென்மார்க்கில் உருவானது. அதில் ஒரு மேக்பையை உயிருடன் அடைத்து வைப்பார்கள். தன் எல்லையில் அந்நியன் புகுந்துவிட்டதாக எண்ணி விரட்ட வரும் ஜோடி மாட்டிக்கொள்ளும். அதன் வீட்டுப் பற்றையே கண்ணியாக்கும் இந்த முறை கொடூரமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆஸ்திரேலியாவில் டொமினிக் பாட்வின் குழுவினர் ஐந்து மேக்பைகளின் முதுகில் சிறு கண்காணிப்புக் கருவிகளைக் கட்டினார்கள். ஒரு வயதுவந்த பெட்டை இளம் பறவை ஒன்றின் வாரைக் கொத்தி அவிழ்த்தது. சில நாட்களில் எல்லாக் கருவிகளும் கழன்றன. 2022இல் வெளிவந்த அந்தக் கட்டுரை, நினைத்த ஆய்வு நடக்காமல் போனதால் கிடைத்தது.

நியூசிலாந்தின் கதை இந்த ஒப்பீட்டுக்கு ஓர் உரைகல். பயிர்ப் பூச்சிகளைத் தின்னட்டும் என்று 1860களில் ஆஸ்திரேலிய மேக்பையை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். அதே நிலம் பிடிக்கும் குணத்தோடு பரவியது, மற்ற பறவைகளைத் துரத்தியது. உடனே ஐரோப்பிய மேக்பைமீது இருந்த அதே குற்றச்சாட்டு இதன்மீதும் வந்தது: நாட்டுப் பறவைகளைக் கொல்கிறது. வைகாட்டோ பகுதியில் கூடுகளுக்குக் கேமரா வைத்துப் பார்த்தபோது மேக்பை கூட்டைக் கொள்ளையடிப்பது அபூர்வம் என்று தெரிந்தது; எலியும் பூனையும் பருந்துமே அதிகம் பிடிபட்டன. மேக்பை விரட்டுகிறது, அதனால் சில பறவைகள் அதன் அருகே வராமல் ஒதுங்குகின்றன. விரட்டுவது கொல்வதாகாது. மேக்பையைச் சுட ஒதுக்கும் செலவும் உழைப்பும் எலிப்பொறிக்குப் போயிருந்தால் அந்நாட்டுப் பறவைகளுக்கு அதிகம் பயன்பட்டிருக்கும்.