150, 1.75: இந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன?

கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கும் எல்லோருக்கும் எர்கன் சமன்பாடு மனப்பாடம். வினையூக்கி மணிகள் நிரப்பிய ரியாக்டரைக் கடந்து போகும் வாயு எவ்வளவு அழுத்தத்தை இழக்கும் என்று கணக்குப் போட அதைத்தான் எடுக்கிறோம். ஆனால் அதில் வரும் 150, 1.75 எப்படி வந்தன என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். (வைவாவில் கேட்டால் மீதிப் பேரும்தான்!)

கதை ஆரம்பிப்பது ரியாக்டரில் இல்லை, குடிதண்ணீரில். பிரான்சின் டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் தண்ணீரை விட்டு அளந்து பார்த்தார். அழுத்த வேறுபாடு இரட்டித்தால் ஓட்டமும் இரட்டிக்கும் என்று 1856-ல் எழுதினார். மெதுவான ஓட்டத்துக்கு அது சரி. மணிகளின் அளவையும் நடுவிலுள்ள வெற்றிடத்தையும் இந்தக் கணக்குக்குள் கொண்டுவந்தவர்கள் கோசெனியும் (1927) கார்மனும் (1937). வேகமான ஓட்டத்தில் கதையே வேறு. அங்கே இழப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். அதற்கு 1928-ல் பர்க், பிளம்மர் இருவரும் தனிச் சூத்திரம் கொடுத்தார்கள்.

சரி, இரண்டுக்கும் நடுவில் இருந்தால்? பல ரியாக்டர்கள் அங்கேதான் ஓடுகின்றன.

துருக்கியில் பிறந்த சப்ரி எர்கன் அப்போது அமெரிக்காவில், பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி கல்லூரியில் நிலக்கரி ஆய்வு செய்துகொண்டிருந்தார். 1952-ல் அவர் செய்தது கேட்க மிகச் சாதாரணம்: இரண்டு இழப்புகளையும் கூட்டிவிட்டார். கூட்டலாம் என்ற யோசனை அவருக்கு முன்பே இருந்தது. ஆனால் 640 சோதனைகளின் அளவுகளை ஒரே கோட்டில் பொருத்திக் காட்டியது அவர்தான். அந்தப் பொருத்தத்தில் விழுந்தவைதான் 150-ம் 1.75-ம். அவை இயற்கை மாறிலிகள் அல்ல. 1979-ல் மெக்டொனால்டு குழுவினர் வேறு அளவுகளையும் சேர்த்துப் பார்த்து 180 என்றும், வழவழப்பான மணிகளுக்கு 1.8, சொரசொரப்பானவற்றுக்கு 4 வரை என்றும் சொன்னார்கள்.

எண்களைவிட ஆபத்தானது வெற்றிட விகிதம். அது 0.40-லிருந்து 0.35-க்கு இறங்கினால், மற்றதெல்லாம் அப்படியே இருந்தாலும், இழப்பு 60 முதல் 75 சதவீதம் வரை கூடும். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். வினையூக்கியைக் கொட்டும்போது மணிகள் உடைந்து தூளானால் இதுதான் நடக்கும். கம்ப்ரசர் அதற்கு மின்சாரமாகவோ நீராவியாகவோ விலை கொடுக்கும்.

பெரிய மணியாகப் போட்டுத் தப்பிக்கலாமே என்றால், அதுவும் முடியாது. பெரிய மணியின் நடுப்பகுதிக்கு வாயு சரியாகப் போய்ச் சேராது, அந்த வினையூக்கி வீண். அம்மோனியா ஆலைகள் இந்த இழுபறியில் நெடுங்காலம் மாட்டியிருந்தன. 1960களில் டென்மார்க்கின் டாப்சோ நிறுவனம் வாயுவை மேலிருந்து கீழே விடாமல், பக்கவாட்டில், வளையம் போன்ற படுகையின் குறுக்கே ஓடவிட்டது. கடக்கும் தூரம் குறைந்தது, ஓடும் பரப்பு விரிந்தது. அதனால்தான் வெறும் 1.5 முதல் 3 மில்லிமீட்டர் வரையிலான மணிகளை அங்கே தைரியமாக நிரப்ப முடிந்தது.